வலது கையில் விழும் வெயில்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது. மாத்தளை மாவட்டத்தின் முறை அதன் நடுவில் வரும். அன்று நண்பகலில் சைக்கிளின் நிழல் சக்கரத்துக்கு அடியிலேயே ஒடுங்கிவிடும். அந்நேரம் வீதியில் இறங்காமல் இருப்பதே முறை. அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆராய வேண்டியது காலையும் மாலையும்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஏறத்தாழ நேர் வடக்காக ஓடுகிறது. மாத்தளையில் இருந்து காலையில் நாவுலவுக்குப் புறப்படுபவருக்குச் சூரியன் வலப்பக்கம். வேலை முடிந்து தெற்கே திரும்பும்போது மேற்குச் சூரியனும் வலப்பக்கமே. அதே காது, அதே முழங்கை, அதே கெண்டைக்கால் இரு வேளையும் காய்கின்றன. தம்புள்ளையில் இருந்து மாத்தளைக்கு வந்து போகிறவருக்கோ எல்லாம் இடப்பக்கம்.

நிழலும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். நம் நாட்டில் வண்டிகள் வீதியின் இடப்பக்கம் செல்வதால், காலையில் வடக்கே போகிறவர் மேற்கு ஓரத்தில் மிதிக்கிறார். நிழல் தரும் மரமோ கிழக்கு ஓரத்தில் நிற்கிறது. ஏப்ரல் மாதத்தில் 10 மீற்றர் உயர மரத்தின் நிழல் காலை 8 மணிக்கு ஏறத்தாழ 19 மீற்றர் நீளும். வீதியைக் கடந்து அவரையும் மூடும். 10 மணிக்கு அது 6 மீற்றராகக் குறுகி, எதிரே வருகிறவரை மட்டும் மூடும். ஆகவே மாத்தளைக்காரர் நேரத்தோடு புறப்பட வேண்டும். திரும்புவதற்கு 4 மணி வரை பொறுக்க வேண்டும். தம்புள்ளைக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. வீதியை அகலப்படுத்துகிறவர்கள் ஓர மரங்களைத் தொடுமுன் இந்த மீற்றர்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தன் நிழல் தன்னைவிடக் குட்டையாகும் 9 மணி முதல் 3 மணி வரை தோலைச் சுடும் கதிர்கள் கடுமையாகும். அப்போது நெருக்கமாக நெய்த நீளக்கைச் சட்டை வேண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் கதிரை இன்னும் தாராளமாக உள்ளே விடும்.

வியர்வைக்கும் ஊர் உண்டு. ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் உடலில் இருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் கழியும். சொட்டி வீணானால் பயன் மிகக் குறைவு. மாத்தளையின் ஈரக்காற்றில், ஏற்றத்தில் வண்டி மெதுவாகும்போது, அது சொட்டுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு வடபுறம் வறண்டு வருகிறது. தம்புள்ளைப் பக்கம் கழுத்தில் போட்ட ஈரத் துவாய் நன்றாகக் குளிர்விக்கும். ஆனால் அங்கே வியர்வை உடனே உலர்வதால், இழந்த நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாகம் எடுக்குமுன்னரே குடிக்க வேண்டும்.

வழியில் தம்பிலி வாங்கலாம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் கூடுதலாகப் போவது சோடியம். பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டு விற்றால் அதையும் வாங்கிக்கொள்க.