ஐமேக் வேடம்

2006-இல் ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு மாறியதும், சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மேக் ஓஎஸ்ஸை ஏற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியது. அப்படி ஏற்றிய கம்ப்யூட்டரின் பெயர் ஹேக்கின்டாஷ். ஆப்பிள் முத்திரை உள்ள கணினிக்கு மட்டுமே அனுமதி என்கிறது உரிம ஒப்பந்தம். அதை யார் படித்தார்கள்?

வேலை மொத்தமும் ஆள்மாறாட்டம்தான். ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் முதலில் ஓடி, 'ஐயா, இது ஐமேக்' என்று சத்தியம் செய்யும்; சீரியல் எண்கூடத் தயார். மேக்கில் இருக்கும் எஸ்எம்சி சிப்புக்குப் பதிலாக விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற மென்பொருள் ஆஜர் கொடுக்கும். ஆப்பிளும் சும்மா இல்லை. 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பை உள்ளே வைத்திருந்தது. திருடன் வாசித்துவிட்டுத் திரும்பிப் போவான் என்ற நம்பிக்கை!

வேடம் பலித்தாலும், படம் வந்தால் ஒலி வராது. ஒலி வந்தால், தூங்கப்போன கம்ப்யூட்டர் எழாது. 2018-இல் மேக் ஓஎஸ்ஸின் மொஹாவி பதிப்பு வந்தபோது புதிய என்விடியா கிராபிக்ஸ் அட்டைக்காரர்கள் டிரைவர் இல்லாமல் தெருவில் நின்றார்கள்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களையே கடை விரித்து விற்ற அமெரிக்காவின் சைஸ்டார் நிறுவனத்துக்கு 2009-இல் நீதிமன்றம் தடை போட்டது.

மேக் ஓஎஸ்ஸின் டஹோ பதிப்புதான் இன்டெல்லுக்குக் கடைசி என்று 2025-இல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. பக்தர்கள் அசரவில்லை, ஸ்பீக்கரில் சத்தம் வரவைக்க ஆடியோ லேஅவுட் எண்ணை இன்னும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.