இயற்கை ஊட்டும் தந்தை

பெருநகரத் தந்தையருள் ஒரு வகையினர், தடுப்பூசியைப் போலவே இயற்கையையும் உரிய வயதில் உரிய அளவு பிள்ளைக்குச் செலுத்திவிட வேண்டும் என்னும் கவலையுடையவர்கள். இக்கவலைக்கு 'இயற்கைக் குறைபாட்டு நோய்' என்றொரு பெயரும் வாய்த்துள்ளது. வெளியில் விளையாடாமல் வளரும் குழந்தைகளின் நிலையைச் சுட்ட அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் லூவ் 2005ஆம் ஆண்டு நூலொன்றில் ஆண்ட இச்சொல், மருத்துவம் வகுத்த நோய்ப்பெயர் அன்று என்று அவரே கூறியிருந்தும், தந்தை அதைத் தட்டம்மைக்கு அடுத்த வரிசையில் வைத்தே அஞ்சுகிறார்.

சென்னைவாழ் தந்தைக்கு இந்நோய் தீர்க்கும் தலம், ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ள வேடந்தாங்கல். தை மாத ஞாயிறொன்றில், வெயிலுக்கொரு களிம்பும் கொசுவுக்கொரு களிம்பும் பூசப்பெற்று, இயற்கையின் எந்தப் பகுதியும் மேலே பட்டுவிடாதவாறு காப்புச் செய்யப்பட்ட பிள்ளை ஏரிக்கரைக்கு அழைத்துவரப்படுகிறது. பிள்ளைக்கென்று வாங்கிய பைனாகுலர் தந்தையின் கழுத்தில் தொங்குகிறது; அதன் உறை மட்டும் பிள்ளையின் பொறுப்பு. வலசை, அதாவது பருவந்தோறும் பறவைகள் இடம்பெயர்ந்து திரும்பும் வழக்கம், அலைபேசியைப் பார்த்து விளக்கப்படுகிறது. நத்தைக்குத்தி நாரையின் அலகிடையே உள்ள இடைவெளி நத்தையைக் கையாள உதவுவது என்பதும், இப்பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமைக்கு 1798இலேயே செங்கல்பட்டு ஆட்சியர் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் அளித்தார் என்பதும் தொடர்கின்றன. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதாலேயே ஊரார் பறவைகளைப் பேணினர் என்னுமிடத்தில்தான் பிள்ளையின் முகம் மலர்கிறது; ஆனால், ஒரு நாரை ஒரு நாளைக்கு எத்தனை முறை என்ற அதன் வினா, அறிவியல் நோக்கில் முற்றிலும் நேரியதாயினும், விடையின்றித் தள்ளப்படுகிறது.

அதன் பின்னர் நிகழ்வது தந்தையின் திட்டத்தில் இல்லாதது. வெளியே, இளநீர் விற்கும் மூதாட்டியின் கூரை நிழலில், உலர்ந்த பொடிமணலில் புனல் வடிவச் சிறுகுழிகள் தென்படுகின்றன. குழிக்கடியில் பதுங்கியிருந்து, சரிந்து விழும் எறும்பின்மேல் மணலை வீசி வீழ்த்தி உண்ணும் குழியானை, தும்பியை ஒத்த சிறகுப் பூச்சியொன்றின் இளம்பருவப் புழுவாகும். "துரும்பால லேசாக் கிண்டிப் பாரு தம்பி, பின்னாலயே நடக்கும்" என்கிறாள் மூதாட்டி. பிள்ளை குப்புறப் படுத்துவிடுகிறது. அரைமணி நேரம் அசைவில்லை. இத்தகைய கவனத்தை ஏரிக்கரையில் வேண்டிநின்ற தந்தையோ, "மண்ணுல என்ன விளையாட்டு? இயற்கையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!" என்று கையைப் பிடித்துத் தூக்கி, ஈரத்தாளால் துடைத்து, காரின் பின்னிருக்கையில் அமர்த்துகிறார்.

பார்த்த பறவையினங்கள் பதினான்கு என்று குடும்ப வாட்சப் குழுவில் அறிவித்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்புகையில், பைனாகுலர் உறை பிள்ளையின் மடியில் வழக்கத்துக்கு மாறான கனத்தோடு கிடக்கிறது. அதனுள் ஒருபிடி மணல் இருப்பதும், அம்மணலில் ஏதோ ஒன்று பின்னோக்கி நடப்பதும் மறுநாள்தான் தெரியவரும்.