டீக்கடை பெஞ்சிலிருந்து ஹைதராபாத்துக்கு

அனுப்புநர்: டீக்கடை பெஞ்சு, திருச்சுழி ரோடு, அருப்புக்கோட்டை.

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம், ஹைதராபாத்.

பொருள்: எங்கள் டீக்கடையைத் தங்கள் கிளை அலுவலகமாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

கார் இன்சூரன்ஸ் விவகாரங்களைத் தாங்கள்தான் கவனிக்கிறீர்களாம். இங்கே அதே வேலையை எங்கள் பெஞ்சு சம்பளமில்லாமல் பல வருஷமாகப் பார்த்து வருகிறது. தங்கள் பாலிசி இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் வருகிறது. எங்கள் தீர்ப்பு தமிழில், உளுந்தவடையோடு வருகிறது. சனம் யார் பேச்சைக் கேட்கும்?

நாங்கள் வழங்கிய தீர்ப்புகளில் சில தங்கள் பார்வைக்கு:

சிவப்பு வண்டிக்குப் பிரீமியம் கூடுதல். இது அமெரிக்காவிலிருந்து ஒருவர் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, அங்கேயும் பொய்தானாம். இங்கே கம்பெனி பார்க்கிற ஒரே கலர் நம்பர் பிளேட்டுடையது, வெள்ளையா மஞ்சளா என்று.

நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தம். இதை நம்பி எங்கள் உறுப்பினர் ஒருவர், அஞ்சு வருஷம் கிளெய்மே போடாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடியை, பழைய காரோடு சேர்த்து மதுரைக்காரருக்குத் தாரை வார்த்துவிட்டு, புது வண்டிக்கு முழுசாய்க் கட்டினார். போனஸ் ஆளுக்குத்தான் சொந்தம், பழைய கம்பெனியில் ஒரு சான்று வாங்கினால் புது வண்டிக்குக் கூடவே வரும் என்பது பிறகு தெரிந்தது. மதுரைக்காரருக்கும் அது உதவவில்லை.

ஓடாத வண்டிக்குக் காசு குறைச்சல். என் கார் 1,197 சி.சி.; வாரத்துக்கு ஆறு நாள் வேப்பமரத்தடியில் காக்காய்க்குக் கக்கூஸ். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி அதற்குத் தேர்ட் பார்ட்டி 3,416 ரூபாய். அண்ணா சாலையில் ராப்பகலாய் உறுமுகிற அதே சி.சி. காருக்கும் அதே 3,416. இதை நிர்ணயிப்பது கம்பெனி அல்ல, தங்களைக் கலந்துகொண்டு மத்திய அரசு. இது தெரியாமல் எங்கள் ஏஜென்டிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசினேன். பாவம், டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

போகட்டும் என்று, சொந்தச் சேதத்துப் பங்கில் அவர் பிரீமியத்தைக் குறைத்துத் தந்தார். மகிழ்ச்சியில் ஆட்டுக்கறி எடுத்தேன். கறி செரித்த பிறகுதான் பார்த்தேன், கூடவே வண்டி மதிப்பையும் குறைத்திருக்கிறார். அஞ்சு வருஷம் தாண்டிய வண்டிக்கு மதிப்பைக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். பேசியிருக்கிறார்கள், என்னைத்தான் கூப்பிடவில்லை. வண்டி திருடு போனால் அந்த மதிப்புக்குள்தான் கிடைக்கும்.

அடுத்து, பாலிசியை லென்ஸ் வைத்து வாசித்தோம். வெள்ளம், புயல், நிலச்சரிவுக்குக் காப்பாம். ரயிலில், படகில், லிஃப்ட்டில் ஏற்றிப் போகும்போது சேதமானாலும் காப்பாம். எங்கள் கரிசக்காட்டில் சரிய மலையில்லை, கண்மாயில் சீமைக்கருவேலம்தான் தளும்புகிறது, காரை லிஃப்ட்டில் ஏற்றியவர் எவருமில்லை. எனவே இவற்றைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் காசு வாங்கும்படி ஒரு மனு எழுதினோம். அனுப்புவதற்குள் 2023 டிசம்பரில், பக்கத்து ஜில்லா காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. எங்களுக்கு ஒரு வருஷத்தில் பெய்வதைவிட அதிகம். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டோம். லிஃப்ட் விஷயத்தில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறோம்.

கடைசியாக, என் சொந்த வழக்கு. ரெட்டியபட்டிக்குப் போகிற வழியில், மசங்குற நேரம், மக்காச்சோளக் காட்டிலிருந்து ஒரு காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்தது. பம்பர் நொறுங்கியது, பன்றி திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. ‘கிளெய்ம் போடாதே, போலீஸ் கேஸ் ஆகும்’ என்றது பெஞ்சு. ‘ஃபுல் இன்சூரன்ஸ் வச்சிருக்கேன், முழுசா வரும்’ என்றேன் நான். ரெண்டு பேரும் தப்பு. புது பம்பர் 6,000. பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் பாதி. ‘பம்பர் டு பம்பர்’ என்கிற கூடுதல் காப்பை எடுத்திருந்தால் அது கழியாது, நான் எடுக்கவில்லை. மிச்சம் 3,000-இல் என் கைக்காசு என்று கட்டாயமாய் 1,000 போனது. வந்தது 2,000. 50 சதவீத போனஸ் பூஜ்ஜியமாகி, 3,000 கட்டிய சொந்தச் சேதப் பங்கு அடுத்த வருஷம் 6,000 ஆனது, ஜி.எஸ்.டி. தனி. காரணம் தப்பானாலும் பெஞ்சின் தீர்ப்பே லாபம். பெஞ்சு அன்றிலிருந்து என்னை மதிப்பதில்லை.

ஆகவே, ஒன்று பாலிசியைப் படிக்கிற சைஸில் தமிழில் அச்சடித்து அனுப்புங்கள். இல்லையென்றால் எங்களைக் கிளையாக்கி, வடைக்கு மானியம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பெஞ்சின் செயலாளர் (தற்காலிக நீக்கம்)

பி.கு.: பன்றி தரப்பிலிருந்து தேர்ட் பார்ட்டி கிளெய்ம் எதுவும் இதுவரை வரவில்லை.