இஸ்திரி வண்டியிலிருந்து நிர்வாசன் சதனுக்கு

பெறுநர்:
இந்தியத் தேர்தல் ஆணையம், நிர்வாசன் சதன், அசோகா சாலை, புது டெல்லி.

ஐயா,

வருகிற நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன். டெபாசிட் 25,000 ரூபாயை மனைவியின் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்பது தெரியும். எங்கள் பக்கத்தில் அது ஒன்றரை லட்சம் ஓட்டாவது இருக்கும். இன்றைய தேதியில் எனக்கு உறுதியான ஓட்டு இரண்டு: நான், பக்கத்து டீக்கடைக்காரர். மனைவி இன்னும் பிடிகொடுக்கவில்லை.

தோற்பது தெரிந்தும் ஏன் நிற்கிறாய் என்பீர்கள். என் இஸ்திரி வண்டி ரயில்வே கேட்டை ஒட்டி நிற்கிறது. கேட்டுக்கு இரு பக்கமும் மேம்பாலத் தூண்கள் எழும்பி நிற்கின்றன. நடுவே பாலம் இல்லை. அந்த நடுப்பகுதி யாருடைய பொறுப்பு என்று ரயில்வேயும் மாநில அரசும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. தூணில் ஆலங்கன்று முளைத்துவிட்டது. கேட் போட்டால் பிரசவத்துக்குப் போகும் ஆட்டோவும் நிற்கும், தலைவர்களின் காரும் நிற்கும். ஆனால் தலைவர்கள் காரில் ஏ.சி. உண்டு.

தலைவர்களை எனக்கு வேட்டி வழியாகத் தெரியும். கஞ்சி போட்ட வேட்டியில் கரையை நேராகப் பிடித்துத் தேய்ப்பதுதான் தொழில் நுணுக்கம். பெட்டியில் கரி கொஞ்சம் கூடினாலும் சாயம் மங்கிவிடும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு முதலில் கறுப்பு சிவப்புக் கரை. பிறகு நடுவே வெள்ளை நுழைந்தது. இப்போது கரையே இல்லாமல் கட்டுகிறார். அடுத்த நிறம் குறித்துப் பேச்சுவார்த்தை நடப்பதாகக் கேள்வி. இத்தனை மாற்றத்திலும் மாறாதவை இரண்டு: அவருடைய இடுப்பளவும் எனக்குத் தரவேண்டிய பாக்கியும். சரி, நாமே டெல்லிக்குப் போய்ப் பாலத்தைக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரரை முன்மொழிய ஒருவர் போதும். எனக்குப் பத்து வாக்காளர்கள் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். ஒன்பது பேர், "இது கடன் ஜாமீன் இல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போட்டார்கள். பத்தாமவர், "ஓட்டுக்கு எவ்வளவு தருவே?" என்றார். ஒரு மாதத்துக்கு இலவசத் தேய்ப்பு என்று வாய்வரை வந்தது. உங்களை நினைத்து விழுங்கிவிட்டேன்.

இந்தக் கெடுபிடிக்கு முன்கதை உண்டு. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் விவசாயிகள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்த ஊர்க்காரர்கள் கிளம்ப, வேட்பாளர் எண்ணிக்கை 480 ஆனது. இத்தனை பேர் மனு போடும் அளவுக்கு ஊரில் என்ன குறை என்று கேட்டிருக்கலாம். அதை விட்டு, மக்களவைக்கு 500 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 10,000 ஆக்கினார்கள், பிறகு 25,000. சட்டம் போட்டது நாடாளுமன்றம். நீங்கள் வசூல் செய்கிறவர்கள்தான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2019இல் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் அந்த 25,000-ஐயும் கட்டிவிட்டு வந்து நின்றார்களே! அவர்களையும் சேர்த்துக் களத்தில் மொத்தம் 185 வேட்பாளர்கள். பெயர்கள் கொள்ளாமல் சாவடிக்குச் சாவடி 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினீர்கள். அந்தச் செலவில் மஞ்சளுக்கு ஒரு விலை சொல்லியிருக்கலாமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதையெல்லாம்விட என்னை மயக்கியது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. வாக்குப்பதிவுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் காலமானால் தேர்தல் தள்ளிப்போகும். சுயேச்சை செத்தால் போகாது. என் பெயரும் சின்னமும் இயந்திரத்தில் அப்படியே இருக்கும், விரும்பினால் அமுக்கலாம். ஒருவேளை அப்படியே நான் ஜெயித்துவிட்டாலும் ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தொகுதிப் பக்கம் தலைகாட்டாத எம்.பி. எங்களுக்குப் பழக்கம்தான்.

செலவு உச்சவரம்பு 95 லட்சம் என்று படித்தேன். பெருந்தன்மைக்கு நன்றி. என் சந்தேகம் வேறு. எதிர்த்து நிற்கப்போகும் மூவரின் வேட்டியும் மனுத்தாக்கலுக்காக என் வண்டியில் மடித்துக் கிடக்கிறது. மூவருமே "தேர்தல் முடியட்டும், மொத்தமாகப் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தேய்ப்புக் கூலியை அவர்கள் செலவுக் கணக்கில் காட்டுவார்களா, அல்லது வாக்காளருக்கு நான் கொடுத்த அன்பளிப்பு என்று பறக்கும் படை என்னைப் பிடிக்குமா? மூன்று பேருக்கும் இந்தத் தொகுதியில்தான் ஓட்டு இருக்கிறது. மனுத்தாக்கல் தொடங்குவதற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
சுயேச்சை வேட்பாளர்
(சின்னம்: இஸ்திரிப் பெட்டி கேட்கப்போகிறேன்)