பைண்டு சார்

தெருவுக்கு ஒருவர் இருப்பார். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். வீட்டில் இரண்டு பீரோ, ஒரு பரண், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகள் என எல்லாம் இருக்கும். புடவை மடித்து வைக்க மட்டும் இடம் இருக்காது. அந்த வீட்டம்மாவின் பட்டுப்புடவைகள் மகள் வீட்டு அலமாரியில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். கேட்டைத் திறக்கும்போதே அந்துருண்டை வாசனை வந்தால் வீடு அதுதான், கதவு எண் பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இவருக்குப் பைண்டு சார் என்று பெயர். கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர். ‘சார்’ மரியாதைக்கு, ‘பைண்டு’ சொத்துக்கு.

பைண்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் படித்து முடித்ததும் பிளேடால் பக்கங்களை நறுக்கி, தேதி வாரியாக அடுக்கி, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து வைப்பார்கள். வசதி உள்ளவர்கள் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ முதுகும் மார்பிள் பேப்பர் அட்டையும் போட்டு வாங்குவார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு அப்படித் தைத்து வைக்கப்பட்ட வீடுகள் ஏராளம். கல்யாணச் சீரில் பாத்திரத்தோடு பைண்டும் போயிருக்கிறது. சாருடைய பைண்டுகளில் பாதி அப்படி அவர் மாமியார் வழியில் வந்தவை. இந்த விஷயத்தை வீட்டம்மா தெருச் சண்டையில்கூட வெளியே விடுவதில்லை.

எல்லாப் பைண்டிலும் ஒரு வாரம் குறையும். இது இயற்கை விதி. அந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா இரவல் வாங்கிப் போயிருப்பார். அவர் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி ஊரைவிட்டே போயிருப்பார்கள். சாரிடம் இருக்கும் ‘தில்லானா மோகனாம்பாள்’ பைண்டிலும் அப்படி ஓர் ஓட்டை. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் எழுதியது; படம் கோபுலு. அந்த ஒரு வாரத்தைத் தேடித்தான் மனுஷர் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறார்.

“அப்பா, அது புஸ்தகமாவே வந்திருக்கு. ரெண்டு பாகம். நாளைக்கே வாங்கிட்டு வரேன்” என்றான் மகன்.

“அதுல கதைதானே இருக்கும்?” என்றார் சார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அப்போதுதான் விளங்கியது. சாருக்குக் கதை ஒரு பொருட்டே அல்ல. சண்முகசுந்தரமும் மோகனாவும் சேர்ந்தார்களா என்பது 1968இல் படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அவர் படிப்பது பக்கத்தின் பின்புறத்தை. அங்கே தலைவலித் தைல விளம்பரம் இருக்கும், பாதி துணுக்கு இருக்கும், வால் அறுந்த சமையல் குறிப்பு இருக்கும். கத்திரிக்காயை வதக்கி, தேங்காயை அரைத்து, புளியைக் கரைத்து ஊற்றும் வரைக்கும் வந்து குறிப்பு நின்றுவிடும். மீதி வேறு தொடர்கதையின் முதுகில், வேறு யார் வீட்டுப் பரணிலோ இருக்கிறது. வீட்டம்மா ஒரு நாள் அந்த அரைக் குறிப்பை வைத்து முழுக் குழம்பு செய்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு சார் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, “இது பத்திரிகைக்காரன் குழம்பு இல்ல, உன் குழம்பு” என்றாராம். இது புகழ்ச்சியா என்று அந்த அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இவர் வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன் புத்தகம் வரும். படிக்க அல்ல, மோந்து பார்க்க. நடுவில் பிரித்து மூக்கடியில் நீட்டுவார். “வனிலா தெரியுதா?” என்பார். உங்களுக்குத் தெரிவது தும்மல். மரக்கூழில் செய்த காகிதத்தில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டு அது சிதையச் சிதையத் தாள் மஞ்சளாகிறது, அந்த வாசனையும் வருகிறது என்று பாடம் நடத்துவார். வாசனை வருகிறதென்றால் புத்தகம் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று நீங்கள் கேட்கக்கூடாது. ஒருவர் கேட்டார், அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடப்படவில்லை.

சாருக்குப் புண்ணியத் தலம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் செங்கல் நிறத்தில் கம்பீரமாக நின்ற கட்டடம். 1985 மே 30ஆம் தேதி தீப்பிடித்துப் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் சார் ஷேவ் செய்துகொள்வதில்லை. புறநகர் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கப் போனால் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு, “இங்கதான் சார், சரியா இந்த இடத்துலதான் பழைய புஸ்தகக் கடை வரிசை” என்று ஆரம்பிப்பார். பின்னால் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க நிற்பவர்களுக்குச் சரித்திர உணர்ச்சி போதாது. அவர்கள் சொல்லும் வார்த்தைகளை எந்தப் பைண்டிலும் பார்க்க முடியாது.

திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரக் கடைகளில் அவர் பேரம் பேசும் அழகைப் பார்க்க வேண்டும். எடுக்க வந்த புத்தகத்தைப் பார்க்கவே மாட்டார். முதலில் ஒரு பிளஸ் டூ கணக்கு கைடைப் புரட்டுவார். அப்புறம் டைப்ரைட்டிங் பயிற்சிப் புத்தகம். உதட்டைப் பிதுக்குவார். போகிற போக்கில் ஏதோ கை பட்டது போலப் பழைய அம்புலிமாமா கட்டைத் தொட்டு, “இது என்ன, எடைக்கா?” என்பார். கடைக்காரர் இருபது வருஷமாக இவரைப் பார்க்கிறவர். சார் ஆசைப்பட்டால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடி ஏறியதும் விலையும் ஏறும்.

வாங்கி வந்த புத்தகத்தை வீட்டில் முதலில் உதறுவார். உள்ளே இருந்து விழுவதுதான் லாபம். மெல்லிய பஸ் டிக்கெட், நரம்பு மட்டும் மிச்சமான அரச இலை, குட்டி போடும் என்று எந்தக் குழந்தையோ நம்பி வைத்த மயிலிறகு. வாடகை நூலக முத்திரை இருந்தால் இன்னும் விசேஷம். அந்த நூலகத்து வாசகர்கள் பரோபகாரிகள். துப்பறியும் நாவலின் பன்னிரண்டாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று பென்சிலால் எழுதி வைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே வேறொருவர் அது தப்பு என்று எழுதியிருப்பார். மூன்றாமவர் இருவரையும் திட்டியிருப்பார். இந்த மூவருக்காகத்தான் சார் அந்த நாவலை வைத்திருக்கிறார். கொலை எப்படி நடந்தது என்று கேட்டால் முழிப்பார்.

புத்தகத்தோடு நிற்கிற ஆசாமியும் இல்லை. கையில் சாவி கொடுக்கிற ஹெச்.எம்.டி. கெடிகாரம். அந்தக் கெடிகாரக் கம்பெனியை மூடுவதென்று 2016இல் சர்க்காரே தீர்மானித்துவிட்டது, சார் தீர்மானிக்கவில்லை. தினமும் காலையில் சாவி கொடுக்கிறார், அதுவும் தினமும் சில நிமிஷம் பின்தங்குகிறது, இரண்டுக்கும் சண்டை இல்லை. மேஜை இழுப்பறையில் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று, பூட்டியபடி. சாவி இல்லை. அதே இழுப்பறையில் ஒரு வளையம் நிறையச் சாவி. எதற்கும் பூட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

பித்தளைக் கூஜா ஒன்று இருக்கிறது. எவர்சில்வர்காரர் தெருவில் வந்து பழைய பித்தளையையும் ஜரிகைப் புடவையையும் வாங்கிக்கொண்டு பளபளவென்று டபரா கொடுத்த காலத்தில் யாரோ போட்டது, கை மாறி மாறிப் பழைய சாமான் கடைக்கு வந்து, சாரிடம் சேர்ந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. இன்ஷியலும் ஒரு கல்யாணத் தேதியும்கூட. “யாருங்க இவங்க?” என்று வீட்டம்மா முதல் நாள் சந்தேகத்தோடு கேட்டார். சாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தேதி வந்தால் கூஜாவைப் புளி போட்டுத் துலக்கி வைக்கிறார். முன்பின் தெரியாத தம்பதிக்குக் கல்யாண நாள் கொண்டாடுகிற ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருடைய பொருள்களில் எனக்குப் பிடித்தது கடிதம் குத்தும் கம்பி. அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, மேலே வளைந்த முனை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும். படித்த கடிதத்தை அதில் குத்திவிடுவார்கள். அதனால் எல்லாக் கடிதத்திலும் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை எப்போதும் முக்கியமான வார்த்தையில்தான் விழுந்திருக்கும்: பையனுக்குச் சம்பளம் எத்தனை, மாப்பிள்ளை கேட்டது எத்தனை பவுன். சாரின் தாத்தா காலத்துக் கம்பியில் அடியிலிருந்து நுனி வரை ஒரு முறை படித்தேன். பிரசவம், சீமந்தம், பயிர் நன்றாக இருக்கிறது, பசு கன்று போட்டது. யாருமே சாகவில்லை! சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள் என்று சார் சொன்ன பிறகுதான் அந்தக் குடும்பத்தின் தீர்க்காயுசுக்குக் காரணம் புரிந்தது.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அப்போதெல்லாம் சார் எடுத்து வீசும் அஸ்திரம் ரோஜா முத்தையா. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வந்த மனிதர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்ட அச்சுத் தாளை எல்லாம் சேர்த்தார். சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகவே ஆகிவிட்டது.

“கேட்டியா? அமெரிக்காக்காரன் வந்து வாங்கினான்!”

“எப்போ வாங்கினான்?”

சார் இங்கே குரலைத் தாழ்த்துவார். முத்தையா காலமானது 1992இல். விற்பனை அதற்குப் பிறகு.

“அதைத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வீட்டம்மா அரிசி களையப் போய்விடுவார். நியாயமாகப் பார்த்தால் அந்த அம்மாவும் குறைந்தவர் அல்லர். சமையலறையில் பழைய கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருப்பு. ஒன்று உடைந்தால் வீட்டில் சூதகம் மாதிரி. ஆனால் பாருங்கள், பெண்கள் சேர்த்தால் அது சிக்கனம், ஆண்கள் சேர்த்தால் பைத்தியம்.

போன வருஷம் ஒரு காப்பிக் கடைக்கு உள் அலங்காரம் செய்கிற இளைஞன் வந்தான். ‘விண்டேஜ்’ சாமான் வேண்டுமாம். கூஜாவைப் பார்த்ததும் பெரிய தொகை சொன்னான்.

“இதுல காப்பி வைப்பீங்களா தம்பி?”

“இல்ல சார், கவுத்துப் போட்டு உள்ள பல்பு மாட்டுவோம்.”

சார் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார். பையன் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டம்மா கொல்லைப் பக்கமாகப் போய் அவனுடைய விசிட்டிங் கார்டை வாங்கிவிட்டார். அது இப்போது துவரம்பருப்பு பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது. விலை போகிற எதுவும் சாருக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காரைக்குடியில் பழைய பொருள் கடைத் தெருவுக்கு ஒரு தடவை போய்வந்தவர், அங்கே எல்லாவற்றுக்கும் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது என்று முகம் சுளித்தார்.

இப்படிப்பட்டவருக்கு வருஷத்தில் மிக மோசமான நாள் போகி. பழையன கழிய வேண்டும் என்று ஊரே கிளம்புகிற அன்று சார் இரவெல்லாம் தூங்குவதில்லை. ஒரு பக்கம் தன் வீட்டுப் பரணுக்குக் காவல். மறுபக்கம் அடுத்தவர் வீட்டு நெருப்புக்கு ரோந்து. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, கையில் குடைக்கம்பியோடு, விடிவதற்கு முன்பே புறப்பட்டு ஒவ்வொரு போகி நெருப்பையும் கிளறி, எரியாததைக் கரை ஒதுக்குவார். முகமெல்லாம் கரி. தெரு நாய்களுக்கே அன்று அவரை அடையாளம் தெரியாது. இப்போதெல்லாம் எரிக்காதீர்கள், பழைய சாமான்களை எங்களிடமே கொடுங்கள் என்று மாநகராட்சி சொல்கிறது. சாருக்கு இது இன்னும் வசதி. உற்சவருக்குப் பின்னால் கோஷ்டி போவதுபோல் குப்பை வண்டிக்குப் பின்னாலேயே தெருத் தெருவாகப் போகிறார்.

இந்தப் போகிக்கு வீட்டம்மா பிடிவாதமாக நின்று ஓர் உடைந்த குடையை அவர் கையில் கொடுத்து வண்டியில் போட்டுவிட்டு வரச் சொன்னார். சார் போட்டுவிட்டு வந்தார். வரும்போது தோளில் ஒரு மூட்டை. கக்கத்தில் அதே குடை.

மூட்டையைக் கூடத்தில் அவிழ்த்தவர் திடீரென்று மூச்சே விடவில்லை. இன்னொரு ‘தில்லானா மோகனாம்பாள்’ பைண்டு. யாரோ கவனமாகத் தைத்தது, மார்பிள் அட்டைகூடக் கசங்காமல் இருந்தது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பக்கம் பக்கமாகப் புரட்டி, தன் பைண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, அந்த இடத்துக்கு வந்து பார்த்தார்.

அதிலும் அதே வாரம் இல்லை.

நாங்கள் ஆறுதல் சொல்ல வாயெடுத்தோம். சாரோ துள்ளி எழுந்துவிட்டார். “ரெண்டு வீட்டுலயும் அதே வாரம் போயிருக்குன்னா என்ன அர்த்தம்? அந்த வாரத்துல என்னமோ இருந்திருக்குய்யா!” என்று கெடிகாரத்துக்குச் சாவி கொடுத்தபடியே செருப்பைத் தேட ஆரம்பித்தார். பொங்கலுக்குப் பால் வாங்கத்தான் போகிறார் என்று வீட்டம்மா பாத்திரத்தை நீட்டினார்.