ஆற்றைச் சுருட்டி வைக்கும் கூட்டல் குறி

கேள்வி: தாமிரபரணிப் பாசனக் குளங்களை எக்ஸெலில் ஏற்றினால் பட்டியல் அனுமார் வாலாக நீள்கிறது. வேண்டும்போது விரித்து, மற்ற நேரம் மடக்கிவைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கான அடுக்கை ஆறே போட்டுக் கொடுத்திருக்கிறது!

கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். அவற்றின் கீழே குளங்கள். சுத்தமல்லி அணைக்கட்டுக்குள் திருநெல்வேலிக் கால்வாய், அதற்குள் டவுன் நயினார்குளம். பழவூர் அணைக்கட்டுக்குள் பாளையங்கால்வாய், அதற்குள் வேய்ந்தான்குளம்.

முதலில் ஒரு கால்வாயின் குளங்கள் உள்ள வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட், ஆல்ட் விசைகளோடு வலது அம்புக்குறியைத் தட்ட வேண்டும். அடுத்து கால்வாயையும் குளங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அதையே செய்தால், அவை அணைக்கட்டுக்குள் அடங்கும். இடப்பக்க ஓரத்தில் கழித்தல் குறியைத் தொட்டால் குளங்கள் மறையும்; கூட்டலைத் தொட்டால் மழைக்காலம் போலத் திரும்ப நிறையும். எக்ஸெல் 8 படிகள் வரை அனுமதிக்கிறது. தாமிரபரணிக்கு மூன்றே போதும்.

குறி வழக்கமாகக் குழுவின் அடியில்தான் வரும். தலைப்புக்கு நேராக வேண்டுமானால், டேட்டா பகுதியின் அவுட்லைன் அமைப்பில் முதல் டிக்கை எடுத்துவிடலாம்.

ஆயக்கட்டு ஏக்கரைக் கூட்டும்போது கவனம் தேவை. எல்லாப் படியிலும் 'சம்' போட்டால் ஒரே குளம் மறுபடி மறுபடி சேர்ந்து கணக்கு வீங்கும். 'சப்டோட்டல்' போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதன் அடைப்புக்குறிக்குள் முதலில் இடும் எண் 109 என்றால், மடக்கிய வரிசைகளை விட்டுவிடும். மடக்கியிருக்கும்போதும் கடைமடைக் குளத்தின் ஏக்கர் சேர வேண்டுமானால் 9-தான்.