கடாரம் கொள்ளாதவர்

கெடாவில் சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில், ஏதாவது ஒரு தாமானுக்குள் ஒரு மைவி கார் நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தால், ஓட்டுகிறவர் வழி தெரியாமல் முழிக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, வேலியில் கட்டியிருக்கும் விற்பனை அட்டையின் போன் நம்பரைப் பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு வாசித்துக்காட்டுகிறார் பாருங்கள், அவர்தான் வீடு பார்க்கும் அண்ணன். வீடு வாங்கும் அண்ணன் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

இவர் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். பீடோங்கில் ஒருவர், கூலிமில் ஒருவர், சுங்கை பட்டாணியில் தெருவுக்கு ஒருவர். கல்யாண மண்டபத்தில் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தால், "இப்ப எந்த ஏரியாவுல இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் ஊர் பேரைச் சொல்லி வாய் மூடுவதற்குள், அங்கே இடைவீடு போன வருஷம் என்ன விலைக்குப் போனது, மூலை வீடு என்ன விலைக்குப் போனது, வாங்கினவர் சமையலறையை இழுத்துக் கட்ட எவ்வளவு கொட்டினார் என்பதெல்லாம் வந்து விழும். லாயர் கூலி, முத்திரை வரி எல்லாம் விரல் நுனியில். வரி முதல் 100,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை இரண்டு விழுக்காடு, முதல் வீடு வாங்குகிறவருக்கு இத்தனை சலுகை என்று ரசம் ஊற்றுகிற பையனை நிறுத்தி வைத்துவிட்டு விளக்குவார். அவர் மட்டும் வாடகை வீட்டில் இருப்பார்.

அண்ணன் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு லட்சம் வெள்ளிக்குள் ஒரு வீடு. நல்ல ஏரியாவில். இந்த 'நல்ல ஏரியா'வில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் பெற்றோர் கார்களை நம் வாசலில் நிறுத்தக் கூடாது. கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஒலிபெருக்கி கேட்கக் கூடாது. கடைத்தெரு அருகில், ஆனால் தெரு அமைதியாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அதை ஏஜண்டிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்: "நம்மாளுங்க கொஞ்சம் இருக்கணும், தம்பி. ரொம்ப இருக்கக் கூடாது." அவர் வாடகைக்கு இருக்கும் தெருவில் அவரையும் சேர்த்துத்தான் 'ரொம்ப' என்பது அவருக்குத் தோன்றியதில்லை.

சில சனிக்கிழமைகளில் நானும் கூடப் போயிருக்கிறேன். ஏஜண்டு தம்பி சாவியைத் திருகிக் கதவைத் தள்ளியதும் அண்ணன் உள்ளே போகமாட்டார். முதலில் வாசல் கால்வாய். குனிந்து பார்த்து, முகர்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார்ப்பார். பிறகு தெரு நடுவில் நின்று, எதிரே வேறு தெரு வந்து முட்டுகிறதா என்று கையை நீட்டி அளப்பார். முட்டினால் தெருக்குத்து, கதை அங்கேயே முடிந்தது. வீட்டு எண் நாலாக இருந்தாலும் யோசிப்பார். "நமக்கு நாலு ஒண்ணும் செய்யாது தம்பி. ஆனா நாளைக்கு விக்கிறப்ப சீனர் வாங்க மாட்டாங்களே." வாங்காத வீட்டை விற்கும்போது வரப்போகிற நஷ்டத்துக்கு இன்றைக்கே அவர் முகம் வாடிவிடும்.

உள்ளே போனதும் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டு வெளியே வரும். ஹால் நடுவில் வைத்து விரலை எடுப்பார். நாங்கள் எல்லாரும் மூச்சுவிடாமல் அதையே பார்ப்போம். கோலி கொஞ்சம் தயங்கி, சமையலறைப் பக்கமாக உருள ஆரம்பிக்கும். "பாத்தியா? தரை இறங்கியிருக்கு." ஏஜண்டு, "டைல்ஸ் கொஞ்சம் சாய்ச்சுத்தான்ணே போட்டிருப்பாங்க, கழுவினா தண்ணி போகணும்ல" என்பான். அண்ணன் அதற்குள் அறைக்கதவுகளைத் திறந்து மூடி, சுவரைத் தட்டி, குளியலறைக் குழாயைத் திறந்து, சொட்டு சொட்டாக வரும் தண்ணீரைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருப்பார். சுங்கை பட்டாணியில் தண்ணீர் வெட்டு புதிதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவர் வாடகை வீட்டிலும் அதே தண்ணீர்தான், அதே சொட்டுதான். வாடகை வீட்டில் சொட்டினால் விதி, வாங்கப்போகும் வீட்டில் சொட்டினால் குற்றம்.

ஒருநாள் அண்ணி பொறுக்காமல் சொல்லிவிட்டார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இதுல பாதி விசாரிச்சிருந்தா, நானாவது தப்பிச்சிருப்பேன்."

வீட்டைப் பற்றி எதைச் சொல்லி அவர் மறுத்தாலும் நம்பவேண்டாம். கோலி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாலும், கோலி சரியில்லை என்றிருப்பார். உண்மையில் சாய்ந்திருப்பது சம்பளச் சீட்டு. 180,000 வெள்ளி கடன், நாலரை விழுக்காடு வட்டி, 35 வருஷம் என்றால் மாதம் ஏறக்குறைய 850 வெள்ளி வருகிறது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 357,000க்கும் மேல். ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு இரண்டு வீட்டுக்குக் காசு கட்ட வேண்டும். அதற்கு முன்னால் பத்து விழுக்காடு முன்பணம். ஈ.பி.எஃப். இரண்டாம் கணக்கில் இருந்ததை மகளின் படிப்புக்கு எடுத்தாகிவிட்டது. இப்போது கணக்கை மூன்றாகப் பிரித்துப் புதுப் பேர் வைத்திருக்கிறார்கள், பேர் மாறியதும் உள்ளே காசு வந்துவிடுமா? இதையெல்லாம் ஏஜண்டுப் பையன் முன்னால் சொல்ல முடியாது. "தெருக்குத்து" என்று சொல்லலாம். அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம்.

வயதும் சும்மா இருக்கவில்லை. அவர் தேட ஆரம்பித்த காலத்தில் 35 வருஷத்துக்கும் கூசாமல் கடன் தந்திருப்பார்கள். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். பேங்க்கில் அடையாள அட்டையை வாங்கியதும் முதலில் வயதைக் கழித்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் குணம் இவரோடு வந்ததல்ல. மூன்று தலைமுறைச் சொத்து, இவர் குடும்பத்தில் கைமாறிய ஒரே சொத்து. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். அண்ணனின் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி, "பத்து வெள்ளிக்குத் தோட்டமா? யார் காதுல பூ சுத்துறாங்க?" என்றாராம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம்தான். தாத்தா அதைக் கேள்விப்பட்டதும், "மண்ணு எப்படியோ, போய்ப் பாக்கணும்" என்றிருக்கிறார். வீடு பார்க்கும் பரம்பரை அங்கே தொடங்குகிறது.

அப்பா காலத்தில், 1982இல், குறைந்த விலை வீட்டுக்கு அரசாங்கம் 25,000 வெள்ளி என்று உச்ச விலை வைத்தது. "சும்மா குடியிருக்கிற லயத்தை விட்டுட்டு இருபத்தஞ்சாயிரம் கடன் வாங்க எனக்கென்ன கிறுக்கா?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, ஓடு உடைந்தால் துரையின் செலவு. வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் தோட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஆபீஸ் கிராணி கொடுத்த கடிதத்தை அப்பா பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 1998இல் அந்த 25,000 உச்ச விலை இடத்துக்கு ஏற்ப 42,000 வரை உயர்ந்தபோதும் மனிதர் அசரவில்லை: "இருக்கட்டும், பழைய விலைக்கு இறங்கட்டும்." கண் மூடும்வரை காத்திருந்தார்.

அண்ணன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாங்கும் அளவுக்குப் போனார். சுங்கை பட்டாணிக்கு வெளியே, பழைய ரப்பர் காட்டை அழித்துக் கட்டிய தாமான். ஒரு மாடி வீடு. கோலி உருளவில்லை. குழாயில் தண்ணீர் சீறியது. விலையும் எட்டுகிற மாதிரிதான் இருந்தது. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அண்ணன் பின்வாசலுக்குப் போய், தூரத்தில் தெரிந்த குனோங் ஜெராய் மலையையும், சரிவாக இறங்கும் மண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, "எங்கப்பா பால் வெட்டின நெரை இது" என்றார். ஏஜண்டுக்குப் புரியவில்லை. "எங்கப்பனுக்குச் சும்மா குடுத்த எடத்தை எனக்கு ரெண்டு லட்சத்துக்கு விக்கிறீங்களாடா?" அன்றைக்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் என்னால் இன்றுவரை நகைச்சுவையில் சேர்க்க முடியவில்லை.

லெலோங் பக்கமும் போய்வந்தார். பேங்க் ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் பத்து விழுக்காடு குறைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அண்ணனுக்கு அது தேன். முதல் ஏலத்துக்குப் போகவில்லை, இறங்கட்டும். இரண்டாவதற்கும் போகவில்லை, இன்னும் இறங்கட்டும். மூன்றாவதற்கு பேங்க் டிராஃப்டை எடுத்துக்கொண்டு போனபோது வேறொருவர் இரண்டாவதிலேயே வாங்கிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தர் கண்ணீர் விட்ட வீடு நமக்கு ஒத்து வராது" என்று அண்ணன் திரும்பிவிட்டார்.

விலை ஏற ஏற, தேடல் ஊரைவிட்டு வெளியே நகர்ந்தது. இளைஞனாகத் தேட ஆரம்பித்தது பினாங்குத் தீவில். அங்கே முடியவில்லை, பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த். அங்கும் முடியவில்லை, சுங்கை பட்டாணி. பினாங்கில் வேலை செய்கிறவர்களும் கொமுட்டர் ரயிலைப் பிடித்துக்கொண்டு இங்கேயே குடிவந்துவிட்டார்கள், ஆகவே பீடோங். பல்கலைக்கழகம் வந்து செமிலிங் பக்கமும் வாடகைக்காரர்களின் கண் பட்டுவிட்டது, ஆகவே மெர்போக். இந்தச் சாலையில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. இராஜேந்திர சோழன் 1025இல் கப்பல்களை அனுப்பிக் கடாரம், அதாவது இந்தக் கெடாவை, கொண்டான் என்று பள்ளியில் படித்ததை அண்ணன் ஒவ்வொரு தடவையும் காரில் சொல்லிக்கொண்டு வருவார். சோழன் ஏஜண்டு வைத்துக்கொள்ளவில்லை, முன்பணமும் கட்டவில்லை. 2013இல் இதே பள்ளத்தாக்கில், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு என்று சொல்லப்பட்ட ஒரு சண்டியை, அதாவது பழைய கோயிலை, வீடமைப்புக்காக இடித்துத் தள்ளி ஊரே கொதித்ததையும் மறக்காமல் சொல்வார். "சாமி வீட்டுக்கே இந்த கெதி. நமக்கு எவன் குடுப்பான்?"

மெர்போக்கிலும் சரிப்படவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் மிச்சம் இருந்தது தஞ்சோங் டாவாய்தான்.

தஞ்சோங் டாவாயில் சாலை முடிந்துவிடுகிறது. மெர்போக் ஆறு கடலில் சேரும் முகம், மீன் படகுகள், கருவாட்டுக் கடைகள், பிளாச்சான் வாடை. அக்கரையில் கைக்கெட்டும் தூரத்தில் பந்தாய் மெர்டேக்கா. படகில் போனால் கொஞ்ச நேரம், காரில் போனால் சுங்கை பட்டாணி வழியாக ஊரையே சுற்றிக்கொண்டு போகவேண்டும். கடலோரம் வேண்டாம் என்றுதான் அண்ணன் முதலில் சொன்னார். 2004 டிசம்பர் 26இல் சுனாமி கோத்தா கோலா மூடாவை அடித்துப் போட்டதை அவர் மறக்கவில்லை. ஆனால் கரையைவிட்டு உள்ளே தள்ளி, தென்னைகளுக்கு நடுவில், தூண் மேல் நின்ற ஒரு பலகை வீட்டைக் கண்டதும் காரை நிறுத்திவிட்டார்.

வாசலில் ஒரு மலாய்க்காரப் பாச்சேக் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் விலை கேட்டார். பெரியவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே பகீரென்றது, அவ்வளவு குறைவு. அண்ணன் கோலியை எடுக்கவில்லை. பலகைத் தரையில் இடுக்குகள் இருந்தன, கீழே கோழி மேய்வது தெரிந்தது, அதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. நெற்றியில் வேர்வை மட்டும் துளிர்த்தது. இந்த விலைக்குக் கடனே வேண்டாம். குறை சொல்லவும் இடம் இல்லை. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பச் சங்கடத்தோடு சொன்னார். இது ரெசர்வ் மெலாயு நிலம், மகனே. உனக்குப் பேர் மாற்றித் தர முடியாதே. கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலத்துக்கு 1931இலேயே சட்டம் போட்டாயிற்று. கிராண்டிலேயே அது இருக்கும், நம்மாளுங்க வாங்க முடியாது. காசு இருந்தாலும் முடியாது.

காசு இருந்தாலும் முடியாது! அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பெரியவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "அருமையான வீடு பாச்சேக், அருமையான வீடு. நான் ரெடியாத்தான் இருந்தேன்" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர் பாவம், ஏதோ நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்து, உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

திரும்புகிற வழியில் படகுத்துறைக் கடையில் அண்ணன் இறங்கி, நெத்திலி ஒரு கிலோ போடச் சொன்னார். விலை பேசவில்லை. பக்கத்துக் கடையில் விசாரிக்கவில்லை. தராசைக்கூடப் பார்க்காமல் காசை எடுத்து நீட்டினார்.

"பரவால்லயே, ஒரு பொருளைப் பாத்தவுடனே வாங்கிட்டீங்க" என்றார் அண்ணி.

அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு நெத்திலியை வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.